மருந்து போடாத புட்டி

அக்காவும் தங்கையும் ராசியாகிவிட்டார்கள் என்று போன வாரம் நிம்மதியாகப் பத்திரிகையை மூடி வைத்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ராசியானது உண்மைதான். அந்த ராசிக்குக் காரணமாக இருந்த புட்டிதான் இந்த வாரம் எல்லோரையும் ஆட்டிவைக்கப் போகிறது.

காலை ஏழரை மணிக்குச் சின்னவளிடமிருந்து போன் வந்தது. பெரியவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு கால் செருப்பு கிடைத்துவிட்டது, மற்றதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

பொத்தானின் கழுத்து மடிப்பில் சின்னச் சின்னதாகப் பொரிந்திருக்கிறதாம். நேற்று நாலைந்துதான் இருந்தன, இன்று எண்ணி மாளவில்லையாம். பால் குடிக்கிறாள், கத்துகிறாள், ஆனால் கழுத்தில் துணி பட்டால் முகத்தைச் சுளிக்கிறாள். சின்னவள் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிப்பாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"வேர்க்குருவா இருக்கும்டி. நாள் பூரா மடியிலயே வச்சுக்கிட்டிருந்தா சூடு பிடிக்காதா? குளிப்பாட்டிட்டு, நான் குடுத்த லோஷனைக் கொஞ்சம் தாராளமா தடவு. சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்றாள் பெரியவள்.

சொல்லிவிட்டுச் செருப்பையும் கண்டுபிடித்துவிட்டாள். அந்த 'தாராளமா' என்ற ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று பத்தரை மணிக்கு அவள் தவிக்கப்போகிறாள் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

பொத்தான் என்பது குழந்தையின் பெயர் அல்ல. ஒன்பது வருஷம் காத்திருந்து, எட்டாம் மாதமே அவசரப்பட்டு, ஒரு கிலோ எண்ணூறு கிராமில் வந்து சேர்ந்தவள் அவள். தையல்காரரான அவள் அப்பா இரண்டு கையையும் நீட்டி வாங்கி, சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் இருக்கிறாள் என்றார். அதுவே நிலைத்துவிட்டது. இருபது நாள் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

பெரியவளுக்குப் பதினான்கு வருஷமாக ஒரே வேலை. கிரீமும் லோஷனும் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் கலவைத் தொட்டி அவள் பொறுப்பு. எழுபத்தைந்து டிகிரி சூட்டில் தண்ணீரும் எண்ணெயும் ஒன்று சேரும். அடிக்க அடிக்கப் பால் நிறமாகும். பிறகு மெல்ல ஆறும். நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்கியதும், கடைசியாக ஒரு பழுப்பு நிறக் கேனிலிருந்து கொஞ்சமாக அளந்து ஊற்றுவார்கள். லோஷனில் கிருமி குடியேறாமல், கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதற்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர் கேனில் எழுதியிருக்கும். தொழிற்சாலையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "மருந்து போட்டாச்சா?" என்று கேட்பார்கள், போட்டாச்சு என்பார்கள்.

அந்த ஒரு சொல்தான் குடும்பத்துக்குள் நெருப்பு வைத்தது.

குழந்தை வீட்டுக்கு வந்ததும், தன் கையால் கலந்த குழந்தை லோஷனைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போனாள் பெரியவள். இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள் சின்னவள். பெரியவளுக்குத் தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். ஒன்று விடாமல் சொல்லி, கடைசியில் மருந்து போடுவோம் என்று முடித்தாள். வயலில் அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. ஒன்பது வருஷம் காத்திருந்தவள் காதில் எந்த மருந்து விழும்? வீட்டில் இருந்த பவுடர், எண்ணெய், சோப்பு, லோஷன் அத்தனையையும் ஒரு பையில் வாரிப்போட்டு, தன் மகள் மேல் மருந்து படக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நானென்ன விஷமா கலக்கிறேன் என்று பெரியவளும் பதிலுக்குக் கேட்டுவிட்டாள். இரண்டு நாள் பேச்சு இல்லை.

இரண்டு நாளுக்கு மேல் பெரியவளால் தாங்க முடியவில்லை. தலை வாரிவிட்டு வளர்த்த தங்கை. மறுநாள் தொட்டி நாற்பத்திரண்டு டிகிரியில் இருந்தபோது, மருந்து போடுவதற்கு முன்பாக, கரண்டியை விட்டு ஒரு புட்டி எடுத்துவிட்டாள். புட்டியைக் குழாயடியில் மூன்று தடவை கழுவினாள். கழுவிய ஈரத்தோடேயே நிரப்பினாள். மீந்ததை ஒரு சின்ன ஜாடியில் ஊற்றி, அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று தன் அலமாரியில் வைத்தாள். தொட்டியில் முடியாத சரக்கை வெளியே எடுக்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. பதினான்கு வருஷத்தில் அவள் அதை மீறியது அன்று ஒருநாள்தான்.

"மருந்து போடறதுக்கு முன்னாடி எடுத்ததுடி. உனக்காகவே" என்று சொல்லிக் கொடுத்தாள். சின்னவள் கட்டிக்கொண்டு அழுதாள். நாமும்தான் போன வாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

பத்து மணிக்குத் தொழிற்சாலையில் லேப் மேடம் எல்லோரையும் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லேப் மேடம் எதையும் நம்பாதவள். சாப்பாட்டுக் கூடத்துக் குழாய், கதவுக் கைப்பிடி, முதலாளியின் பேனா என்று எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து, மூடி போட்ட கண்ணாடித் தட்டில் தடவி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, என்ன வளர்கிறது என்று பார்த்தவள். பேனாவில் வளர்ந்ததை முதலாளியிடமே காட்டினாள் என்று சொல்வார்கள். ஒவ்வொரு பேட்ச் லோஷனும் அவள் தட்டுக்கு வந்துவிட்டுத்தான் வெளியே போகும். தட்டில் ஒன்றும் வளராது. ஒன்றும் வளரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை.

இன்றைக்கு ஏதோ வளர்ந்திருக்கிறதாம். பெரியவள் போனபோது மேஜைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன.

முதல் தட்டு வெறும் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. கடைக்குப் போகிற லோஷன். இரண்டாவது தட்டில் இடமே இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை ஈரமான, மெல்லிய படலம். நடுவில் முத்து முத்தாகத் திரண்டிருந்தது. தட்டு முழுக்க இளம்பச்சை ஓடியிருந்தது. லேப் மேடம் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் தரும் ஒரு சின்ன விளக்கைத் தட்டின் மேல் பிடித்தாள். படலம் முழுக்க உள்ளேயிருந்து பச்சையாக ஒளிவிட்டது.

பெரியவள் தட்டின் மேல் குனிந்துவிட்டாள். இவ்வளவு அழகான ஒன்றை அந்தத் தொழிற்சாலையில் அவள் பார்த்ததே இல்லை. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை. ஒரு வட்டத் தட்டுக்குள் ஒரு நாடே குடியேறி விளக்கேற்றி உட்கார்ந்திருந்தது.

"ஒரே ஒரு சொட்டு வச்சேன். ரெண்டு நாள்தான் ஆகுது" என்றாள் லேப் மேடம். எதையும் நம்பாதவளின் குரலிலும் பிரமிப்பு இருந்தது.

இது எதிலிருந்து வந்தது என்று கேட்டாள் பெரியவள். பெயரில்லாத ஒரு ஜாடியாம். கலவைப் பக்கத்து அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். பேட்ச் எண் இல்லை, தேதி இல்லை. நம் லோஷன் மாதிரித்தான் இருந்தது, ஆனால் நம் லோஷனில் ஏன் இப்படி வளர வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாளாம். சொல்லிவிட்டு மேஜைக்குக் கீழிருந்து அந்த ஜாடியை எடுத்து வைத்தாள்.

பெரியவளைத் தொழிற்சாலையில் 'மூக்கு' என்று கூப்பிடுவார்கள். தொட்டிக்கு இரண்டு அடி தள்ளி நின்றே எண்ணெய் காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஜாடியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். மூலையில் மறந்துபோட்ட ஈரத் துணியின் வாடை, மிகவும் லேசாக. முந்தாநாள் தங்கை வீட்டில், குழந்தையைத் தூக்கியபோது இதே வாடை அடித்தது. காயாத குழந்தைத் துணி என்று நினைத்து, சன்னலைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஜாடியை மெல்லக் கீழே வைத்தாள்.

"இது எங்க இருந்து வருது மேடம்?"

"தண்ணியில இருக்கற ஜாதி மாதிரி தெரியுது. ஈரம் எங்க தேங்குதோ அங்க இருக்கும். உங்க கையில, என் கையில பட்டா ஒண்ணும் ஆகாது. நம்ம தோல் உள்ள விடாது."

"பச்சைக் குழந்தைன்னா?"

லேப் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நின்று பொய் சொல்ல இன்னும் யாரும் பிறக்கவில்லை.

"அது என் ஜாடி மேடம். மருந்து போடறதுக்கு முன்னாடி நான்தான் எடுத்தேன். இன்னொரு புட்டி என் தங்கச்சி வீட்ல இருக்கு. பத்தொன்பது நாளா குழந்தைக்குத் தடவறாங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். லேப் மேடம் திட்டவில்லை. முதலில் போன் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சின்னவள் எடுக்கவில்லை. தையல்காரர் எடுத்தார். பின்னால் தையல் இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது. லோஷனை நிறுத்திவிட்டு, குழந்தையைச் சுத்தமான வெந்நீரில் துடைத்து, கையில் கிடைத்த வண்டியைப் பிடித்து, முன்பு இருந்த ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னாள். புட்டியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

"இப்பத்தான் தடவி முடிச்சாக்கா. நீங்க தாராளமா தடவச் சொன்னீங்கன்னு மடிப்பு மடிப்பா தடவினா" என்றார் அவர்.

அவள் பேசுவதற்குள் லேப் மேடம் ஒரு தாளில் எழுத ஆரம்பித்திருந்தாள். லோஷனில் என்னென்ன இருக்கிறது, என்ன போடவில்லை, தட்டில் வளர்ந்தது எதுவாக இருக்கக்கூடும் என்பதெல்லாம் எழுதிக் கையில் கொடுத்து, தட்டைப் படமும் எடுத்து அவள் போனுக்கு அனுப்பினாள். எதை எழுதினாளோ அதை ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். மறைத்தால் அவர்கள் வேறு எதையோ தேடிக்கொண்டு நாளைக் கடத்துவார்கள் என்றாள்.

"இங்கேயும் நான் எழுதித்தான் ஆகணும். உங்களுக்காகன்னு விட முடியாது."

"எழுதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பெரியவள் ஓடினாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, அவர்களைக் குழந்தைகள் டாக்டரின் அறைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். சின்னவள் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். வேலையை விட்டுவிட்டு அக்கா ஓடி வந்துவிட்டாள் என்ற பெருமை அந்த முகத்தில் இருந்தது. பெரியவளால் அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. தையல்காரர் மனைவியிடம் எதையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள் என்பதுபோல அவர் ஒதுங்கி, வெளியே நின்றுகொண்டார்.

டாக்டரம்மா குழந்தையின் உடுப்பைக் கழற்றி, கழுத்து, அக்குள், தொடை மடிப்பு என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். செந்நிறத் திட்டுகள். அவற்றின்மேல் கடுகளவு சீழ்த் துளிகள். காய்ச்சல் பார்த்தாள், இல்லை. பால் குடிக்கிறாளா, எழுப்பினால் விழிக்கிறாளா, அழுகிறாளா என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் பொத்தான் தானே பதில் சொன்னாள். அந்த அறை தாங்காத கத்தல். டாக்டரம்மா சிரித்துவிட்டாள். இப்படிக் கத்துகிறவரை நமக்குத் தெம்பு உண்டு என்றாள்.

அப்புறம் கேட்டாள், "என்ன மருந்து போட்டீங்க மேல?"

"மருந்தே போடல டாக்டர்" என்றாள் சின்னவள். குரலில் அவ்வளவு நிச்சயம். "எந்தக் கெமிக்கலும் பட விடல. எங்க அக்கா லோஷன் கம்பெனியிலதான் இருக்கா. மருந்தே இல்லாத லோஷனா பாத்து இவளுக்குன்னு எடுத்துக் குடுத்தா. அதை மட்டும்தான்."

பெரியவளுக்கு அந்த நிமிஷம் தரை பிளந்து உள்வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. வேலை போகட்டும், அது போனால் போகிறது. தங்கை இனி தன் கையில் குழந்தையைக் கொடுப்பாளா? அதை நினைத்தால்தான் நாக்கு எழவில்லை. ஆனால் தட்டில் எரிந்த அந்தப் பச்சை கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"மருந்து போடாததுதான் டாக்டர் தப்பு" என்றாள். "நாங்க மருந்துன்னு சொல்றது கெடாம இருக்கப் போடறதை. அதைப் போடாம, ஈரப் புட்டியில பிடிச்சுக் குடுத்துட்டேன். அதுல கிருமி வளர்ந்திருக்கு. எங்க லேப்ல பாத்தாங்க. இதோ எழுதிக் குடுத்திருக்காங்க."

சின்னவள் திரும்பவே இல்லை. குழந்தையின் காலைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது.

டாக்டரம்மா தாளை இரண்டு தடவை படித்தாள். போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று சொல்லிவிட்டு, பஞ்சால் சீழைத் தொட்டு எடுத்து, ரத்தமும் எடுத்து, சோதனைக்கு அனுப்பினாள். குறைமாதக் குழந்தை என்பதால் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், இரண்டு நாள் ஊசி மருந்து ஏற்றிக் கண்ணெதிரே வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

சின்னவளிடம் அவள் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. வாசனை போட்ட பவுடரையும் சோப்பையும் தூக்கிப்போட்டது சரிதான், இந்த வயசுக் குழந்தைக்கு வாசனை எதற்கு என்றாள். பயப்பட்டதும் தப்பில்லையாம். ஆனால் கெமிக்கலே இல்லாத பொருள் உலகத்தில் கிடையாதாம், தண்ணீரும் ஒரு கெமிக்கல்தானாம். எது, எவ்வளவு, எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டுமாம்.

"பெரியவங்க தோல் விடாதுன்னு எங்க மேடம் சொன்னாங்க டாக்டர். இவ தோல் அவ்வளவு மெலிசா?" என்று பெரியவள் கேட்டாள்.

டாக்டரம்மா பதில் சொல்லாமல், விளக்கும் பூதக்கண்ணாடியும் சேர்ந்த ஒரு கருவியை அவள் கையில் கொடுத்தாள். பொத்தானின் புறங்கையின் மேல் அதை வைத்துக் காட்டினாள்.

பெரியவள் குனிந்து பார்த்தாள்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. நெய்த துணியின் இழைபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், எந்தத் தறியிலும் நெய்ய முடியாத நெசவு. அதற்கு அடியில், மிக அருகில், ரத்தம் ஓடும் செந்நிற இழைகள். ஒவ்வொரு துடிப்புக்கும் நிறம் லேசாக ஏறி இறங்கியது. நடுவில் மறைவென்று சொல்ல எதுவுமே இல்லை. இதற்கு மேலா நான் பத்தொன்பது நாள் லோஷன் தடவச் சொன்னேன் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"நம்ம தோல் மேல எப்பவும் ஒரு லேசான புளிப்பு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கிருமியை அண்ட விடாம வைக்கறதுல அதுக்கும் பங்கு உண்டு" என்றாள் டாக்டரம்மா. "பொறந்தப்ப இவளுக்கு அது சரியா இல்ல. இப்பத்தான் வந்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா இவளே தயாரிச்சுக்கறா."

"புளிப்பு எவ்வளவு டாக்டர்?"

"முழுசா வந்தா பி.எச். அஞ்சு, அஞ்சரை இருக்கும்."

பெரியவள் கருவியைக் கீழே வைத்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. தினமும் தொட்டியில் புளிப்புப் பார்க்கும் காகிதத்தை நனைத்து, ஐந்தரை வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சேர்த்துச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு சொட்டு கூடினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதே ஐந்தரையை, தொட்டி இல்லாமல், காகிதம் இல்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், இரண்டரைக் கிலோகூட இல்லாத இவள் தன் உடம்பின் மேல் தானே கலந்துகொண்டிருக்கிறாள். கத்திக்கொண்டும், பால் குடித்துக்கொண்டும், தூங்கிக்கொண்டும் கலந்துகொண்டிருக்கிறாள். தன்னுடைய மருந்தைத் தானே காய்ச்சுகிற குழந்தை. பதினான்கு வருஷத் தொழில்காரி கை இரண்டையும் தன்னையறியாமல் கூப்பிவிட்டாள்.

"அப்ப மேல என்னதான் தடவறது?" என்று கேட்டது சின்னவள். அக்கா உண்மையைச் சொன்ன பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"பெரும்பாலும் ஒண்ணும் வேண்டாம்மா. அவ வேலையை அவ பாத்துப்பா. தோல் வெடிச்சா நான் சொல்றேன்."

மதியம் மூன்று மணிக்குப் பொத்தானின் காலில் ஊசி ஏற்றி, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எறும்பு ஊர்கிற வேகம். தையல்காரர் கட்டில் ஓரத்தில் நின்று, துளிகளை எண்ணுவதும் விட்டுவிட்டு மறுபடி எண்ணுவதுமாக இருந்தார்.

சகோதரிகள் இருவரும் வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அந்த இடம் பெரியவளுக்கு ஒரு மைல்போலத் தெரிந்தது.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கற தகுதியும் எனக்கு இல்லடி" என்றாள்.

சின்னவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான்தானே கேட்டேன். மருந்து வேண்டாம்னு நான்தானே குதிச்சேன். ஆனா நீ தெரிஞ்சவக்கா. முடியாதுடின்னு ஒரு அறை விட்டிருக்கலாம் இல்ல?"

உன் கோபத்துக்குப் பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பெரியவள் மேலங்கியின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அப்போது நர்ஸ் வந்து, சோதனைக்கு அந்த லோஷனும் வேண்டும் என்று கேட்டாள். சின்னவள் பையிலிருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தாள். கை மாறும்போது பெரியவள் கண் அதன்மேல் போனது. அளவு பார்த்தே பழகிய கண். கால் புட்டிகூட இல்லை.

நாற்பது நாள் குழந்தை. உடம்பு மொத்தமே ஒரு கை அகலம். பத்தொன்பது நாளில் எவ்வளவு தாராளமாகத் தடவினாலும் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்திருக்கலாம். இது எங்கே போனது?

"இவ்வளவுமா தடவின?"

சின்னவள் திரும்பினாள். டாக்டர் அறையை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பாதியை ஒருத்திக்குக் குடுத்தேன்க்கா."

எட்டு நாள் முன்னால் பொத்தானுக்கு எடை பார்க்க இங்கே வந்தபோதாம். கண்ணாடிப் பெட்டி வார்டில் அடுத்த பெட்டியில் குழந்தை வைத்திருந்தவளும் வந்திருந்தாளாம். இருபது நாள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி அழுதால் மற்றவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துப் பழகினவர்கள். அவள் குழந்தை பிறந்தபோது ஆயிரத்து இருநூறு கிராம். இன்னும் பொத்தான் வீட்டுக்கு வந்த எடைக்குக்கூட வரவில்லை. தோல் காய்ந்து உரிகிறது, கடையில் வாங்கிப் பூசப் பயமாக இருக்கிறது என்றாளாம்.

"எங்க அக்கா நம்ம குழந்தைங்களுக்குன்னே மருந்தில்லாம எடுத்ததுன்னு சொல்லி, ஒரு காலிப் புட்டியைக் கழுவி, அதுல ஊத்திக் குடுத்தேன்."

பெரியவள் எழுந்துவிட்டாள். பூதக்கண்ணாடியில் பார்த்த அந்த நெசவு நினைவில் வந்தது. அதையும்விட மெல்லியதாக ஒன்று இருக்க முடியுமா என்று நினைத்துப் பார்த்தாள், முடியவில்லை. பேர் என்ன, வீடு எங்கே என்று கேட்டாள். இருபது நாள் பேசிக்கொண்டார்களே ஒழிய, பெயரை இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லையாம். போன் எண் மட்டும் இருந்தது. 'பக்கத்துப் பெட்டி' என்று போட்டு வைத்திருந்தாள்.

சின்னவள் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பெரியவள் போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். ஏழாவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுக்கா" என்றது ஒரு சந்தோஷமான குரல், பேசுவது சின்னவள் என்று நினைத்துக்கொண்டு. "நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த லோஷன் கை மேல பலன்க்கா. தோல் உரியறது நின்னுடுச்சு. ரெண்டு வேளையும் தடவறேன். நேத்திலேர்ந்து அழுகையே இல்ல. பால்கூடக் கேக்காம, எழுப்பினாலும் எழுந்திருக்காம, அவ்வளவு சமத்தா தூங்கறான்."

தாழ்வாரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, பசி வந்துவிட்ட பொத்தானின் கத்தல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"அவனைத் தூக்கிக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாம்மா. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. அந்தப் புட்டியையும் எடுத்துக்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வாசல்லயே நிக்கறேன்."

அந்தப் பக்கம் குரல் மாறிக் கேட்டது, "நீங்க யாருங்க?"

"நான்தாம்மா அந்த அக்கா" என்றாள் பெரியவள்.